இரத்தத்தில் சர்க்கரை, தசையில் பசி!



சர்க்கரை நோய் உள்ளவங்க "கை கால் அசதியா இருக்கு"ன்னு அடிக்கடி சொல்வாங்க. இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தால் பலமும் நிறைய இருக்கணுமே, ஏன் அசதி? அதற்கு ஒரு காரணம் தசைக்குள்ளே இருக்கிறது.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கும். அப்போது கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் எலும்புத் தசைக்கு வந்ததும் மூன்று வேலைகள் நடக்கும்.

1. தசை செல்லுக்குள் இருக்கும் குளூட்-4 என்ற புரதம் செல்லின் ஓரத்துக்கு வந்து, கதவு மாதிரி குளுக்கோஸை உள்ளே விடும்.

2. ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அந்தக் குளுக்கோஸோடு ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கும். பிறகு அது வெளியே போக முடியாது.

3. கிளைக்கோஜன் சின்தேஸ் என்ற நொதி குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்துச் சேமிக்கும். குதிரில் நெல் சேர்க்கிற மாதிரி! இந்த நொதியில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் அது தூங்கும். இன்சுலின் வந்தால் பாஸ்பேட் கழன்று விழித்துக்கொள்ளும்.

இரண்டாம் வகை சர்க்கரை நோயில், இன்சுலின் வந்து சொன்னாலும் தசை சரியாகக் கேட்காது. கதவு சரியாகத் திறக்காது. சேமிக்கும் நொதியும் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். நெல் வண்டி தெருவில் நிற்குது, குதிரில் நெல் சேரலைங்கிற கதைதான். வெறும் வயிற்றில் 100 மி.லி. இரத்தத்தில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் குளுக்கோஸ் இருப்பது மறு பரிசோதனையிலும் தெரிந்தால் அது சர்க்கரை நோய்.

ஆனா ஒரு நல்ல செய்தி! நடக்கும்போது தசை சுருங்கி விரியும். அப்போது இன்சுலின் சொல்லாமலேயே குளூட்-4 கதவு திறக்கும். சேமித்த கிளைக்கோஜன் செலவானதும், அதை நிரப்பும் நொதியும் சுறுசுறுப்பாகும்.

பல வீடுகளில் "உங்களுக்குச் சுகர் இருக்கு, பேசாம உட்காருங்க"ன்னு பெரியவங்களை உட்கார வைக்கிறாங்க. அது பாசம்தான். ஆனா தசைக்கு அது நல்லதில்லை. எங்க அப்பாயி இப்போ இராத்திரி சாப்பிட்டதும் பிள்ளையார் கோயில் வரை நடக்கிறாங்க. துணைக்கு நானும் போவேன்.

கவனிக்க வேண்டியவை:

* டாக்டர் தந்த மாத்திரையை, ஊசியை நாமாக நிறுத்தக் கூடாது.
* செருப்பு போட்டுத்தான் நடக்கணும். காலில் புண் வந்தால் சீக்கிரம் ஆறாது.
* நடக்கும்போது வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே சாப்பிட ஒரு மிட்டாய் கையில் இருக்கட்டும்.

இன்றைக்கே உங்க தாத்தா பாட்டியை நடக்கக் கூப்பிடுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி