முடிவை மாற்றும் தருக்கம்

பாக்டீரியாவால் உண்டாகும் தொண்டை அழற்சிக்குப் பெனிசிலின் தருவது மருத்துவ வழக்கம். நோயாளிக்கு அம்மருந்து ஒவ்வாது எனத் தெரிந்ததும், மருத்துவர் தம் முடிவை மாற்றிக்கொள்கிறார். மாற்றாவிடில் உயிருக்கே கேடு நேரலாம். மரபான தருக்கத்திலோ, ஒருமுறை நிறுவிய முடிவு புதிய செய்திகள் சேர்ந்தாலும் மாறாது. இப்பண்பு ஒருபோக்குத்தன்மை எனப்படும். ‘தடை ஏதும் தெரியாதவரை ஏற்க’ என்னும் விதிகளைக் கணினிக்கும் கற்பிக்கும் பொருட்டு, கனடா நாட்டறிஞர் ரேமண்ட் ரைட்டர் 1980ஆம் ஆண்டில் இயல்புநிலைத் தருக்கத்தை வகுத்தார்.

இத்தருக்கத்தில் முடிவு காண்பது எளிதன்று. ஒரு முடிவுக்குச் சான்று இருந்தால் மட்டும் போதாது; அதற்குத் தடை இல்லை என்பதும் உறுதியாதல் வேண்டும். ஒரு விதியை ஏற்றால் மற்றொன்று தடைபடலாம். ஆகவே, விதிகளை ஏற்றும் விலக்கியும் பார்க்க வேண்டியுள்ளது. 20 விதிகளுக்கே 10,48,576 சேர்க்கைகள் உண்டு. ஒரு விதி கூடினால் அவ்வெண்ணிக்கை இருமடங்காகும். மரபான கூற்றுத் தருக்கத்தைவிட இது ஒரு படி கடினமானது என்பதைக் கியோர்க் காட்லோப் 1992ஆம் ஆண்டில் நிறுவினார்.

எனவே, இன்றைய நெறிமுறைகள் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதில்லை. முரண் தோன்றிய இடத்திலேயே அவ்வழியைக் கைவிட்டு, அதே முரணுக்கு இட்டுச்செல்லும் பிற வழிகளையும் நீக்கிவிடுகின்றன. ஆயினும், தடை இல்லை எனத் தெளிதலே அவற்றுக்கு இன்றும் அரிய பணியாகும்.