வளவின் அழகும் தோட்டத்தின் விளைவும்

காலை இளவெயிலில் காரைதீவிலே ஒரு வீட்டு வளவினுள் நின்று பார்ப்போமாயின், செவ்வரத்தையையும் நித்தியகல்யாணியையும் நாடிவரும் வண்ணத்துப்பூச்சிகளைக் காணலாம். மணற்பாங்கான வேலியோரத்து எருக்கலையில் செம்மஞ்சட் சிறகுடைய ஒருவகைப் பூச்சி முட்டையிடும். எருக்கலையை உண்டு வளர்ந்த புழுவின் உடலில் அச்செடியின் நஞ்சு தங்குவதால் பறவைகள் அப்பூச்சியை உண்ண விரும்புவதில்லை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவையின் எச்சம் போலத் தோன்றும் இளம்புழுவும் ஓர் அழகிய வண்ணத்துப்பூச்சியின் குழந்தையே. வளர்ந்த மரத்தில் அது தின்னும் சில இலைகளால் பெருநட்டம் உண்டாவதில்லை.

இவ்வழகு கண்ணுக்கு மட்டும் விருந்தன்று. பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவை அடையாவிடின் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அநேக கமக்காரர் இதனைப் பசளைக் குறைவென்று எண்ணுகின்றனர். உண்மையிலே பல வேளைகளில் குறைவாயிருப்பது பசளையன்று, தேனீயே.

பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். அதன் முதன்மையான வேலையாள் தேனீ. புடோற்பூ அந்தியில் விரியும். அதனை நாடுவது இரவில் உலாவும் அந்துப்பூச்சி. கத்தரிப்பூவின் மகரந்தம் சிறு குழாய்களினுள் அடைபட்டிருக்கும். காய்ந்த மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதனை உதிர்க்கும். வண்ணத்துப்பூச்சியின் பங்கு இவற்றினும் சிறிது. எனினும் அது மலிந்த வளவில் ஏனையவற்றுக்கும் உணவும் உறைவிடமும் உண்டென்று அறியலாம்.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதற்குத் தேனீ வேண்டுவதில்லை. ஆயினும் கபிலநிறத் தத்தியின் முட்டைகளை அழிக்கும் நுண்ணிய குளவிகள் பூந்தேனை உண்டு வாழ்வன. வரம்பில் எள் முதலிய பூக்குஞ்செடிகளை வளர்த்தால் அவை பெருகுமென ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆதலால் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. பூச்சிநாசினியைத் தேவையின்றி விசிறற்க. விசிறியே ஆகவேண்டுமெனின், பூசணி, பாகல் தோட்டங்களிற் பூக்கள் மூடிய பின்னேரத்திலும், புடோல் தோட்டத்தில் இரவுப் பூக்கள் வாடிய பின்னரும் விசிறுக.

2. வேலியோரத்துப் பூஞ்செடிகளையும் எருக்கலையையும் முற்றாக வெட்டி அழிக்கற்க. உக்கிய மரக்கட்டை ஒன்றிரண்டை வேலியருகே விட்டுவைக்குக.

3. தேனீ அரிதாயின், பூசணியில் விடியற்காலையிலேயே ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுக.

கூலி கேளாது உழைக்கும் இச்சிற்றுயிர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது சிறிது இடமும் சில பூக்களுமே. அவை மறைந்தபின் அவற்றின் வேலையைப் பூப்பூவாக நம் கையாற் செய்ய நேரிடும்.