பழைய டயர் வாங்கலாமா?

ஒரு காரின் எடையும், அதில் ஏறி அமரும் ஐந்து பேரின் எடையும், பின்புறம் திணிக்கப்படும் மூட்டை முடிச்சுகளின் எடையும் சேர்ந்து சாலையில் விரைந்து செல்லும்போது, அந்தப் பாரம் முழுவதும் பூமியைத் தொடுவது சக்கரத்துக்கு ஒன்றாக, உள்ளங்கையகலமான நான்கு இடங்களில்தான். வேகமெடுப்பதும், திரும்புவதும், குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு சட்டென்று நிற்பதும் அந்த நான்கு இடங்களின் பிடிப்பைப் பொறுத்தவை. ஆனால் பட்டன் தேய்ந்து டயர் மொட்டையாகிவிட்டது என்று மெக்கானிக் சொல்லும் தினத்தில், நான்கு புதிய டயர்களின் விலையைக் கேட்ட கார்க்காரரின் மனம், சென்னையானால் புதுப்பேட்டைக்கும், கொழும்பானால் பஞ்சிகாவத்தைக்கும் தானாகவே நடந்துவிடுகிறது. அங்கே கறுப்புப் பாலிஷ் பூசிப் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர்களைப் பாதி விலைக்கே கொடுக்கிறார்கள். சிக்கனம் நல்ல குணந்தான். இந்த இடத்தில் அது உண்மையிலேயே சிக்கனமா என்பதை மட்டும் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

டயர் என்பது வெறும் ரப்பர் வளையமன்று. அதன் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்த இரண்டு வளையங்கள் உண்டு. சக்கரத்தின் ரிம்மை இறுகப் பற்றிக்கொள்பவை அவையே. ஒரு வளையத்திலிருந்து மற்றதற்குப் பாலியெஸ்டர் நூலிழைகள் நேர்குறுக்காக ஓடி, டயரின் உடலாக அமைகின்றன. 1946-ல் பிரான்ஸ் தேசத்து மிஷலின் கம்பெனி உரிமைப்பத்திரம் பெற்ற ரேடியல் முறை இதுதான். அந்த இழைகளுக்கு மேல், சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில், எஃகுக் கம்பி வலையாலான பட்டைகள் சுற்றப்பட்டிருக்கும். உட்புறத்தில் காற்றைக் கசியவிடாத ஒருவகை ரப்பர்ப் படலம் ஒட்டியிருக்கும். இவ்வளவும் சேர்ந்ததுதான் டயர். கடையில் நம் கண்ணுக்குத் தெரிவதோ வெளியே மூடியிருக்கும் ரப்பர் ஒன்றே. பழைய டயர் வியாபாரத்திலுள்ள சங்கடமெல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பதுதான்.

காற்றுக் குறைந்த டயரை ஒருவர் பல மைல் ஓட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது; அப்படி மடங்கும் ரப்பரில் உஷ்ணம் உண்டாகிறது; உஷ்ணத்தால் இழைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. பிறகு காற்றை நிரப்பிவிட்டால் வெளித்தோற்றத்தில் யாதொரு குறையும் தெரியாது. அவ்வாறே, வேகமாக வந்து குழியில் இறங்கிய டயரில் உள்ளே சில இழைகள் அறுந்திருக்கலாம். ஆணி குத்திய துவாரத்தின் வழியே நீர் இறங்கி எஃகுப் பட்டை துருப்பிடித்திருக்கலாம். இவையெல்லாம் நகரத்தின் மந்த வேகத்தில் வாய் திறவாமல் இருந்து, சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் தங்களை அறிவித்துக்கொள்ளும். டயரைக் கழற்றி உட்புறம் விரலால் தடவிப் பார்த்தால், காற்றிழந்து ஓடிய டயரில் வட்டமாகத் தேய்ந்த ஒரு தடமும், கரித்தூள் போன்ற ரப்பர்ப் பொடியும் தட்டுப்படும். ஆகவே, உட்புறத்தைக் காட்ட மறுக்கும் கடைக்காரரிடம் பேரம் பேசுவது வீண் காலக்ஷேபம்.

இனி வயது. மலேயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வைகறையில் மரத்தைக் கீறிச் சேகரித்த ரப்பர்ப் பாலானது, தன் இயல்பிலே வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் நொறுங்குவது. 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்று கண்டார். கந்தகம் ரப்பரில் உண்டாக்கும் பிணைப்புகள் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வெயிலாலும் ஓட்டத்தின் உஷ்ணத்தாலும் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மேலும் இறுகுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் தம் பங்குக்கு ரப்பரைத் தின்கின்றன. ஓடாமலே டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் மூப்பு உண்டு. பட்டன் முழுசாக இருந்தும் ரப்பர் கட்டைபோல் இறுகிவிட்ட டயர், மழைச் சாலையில் பிடிப்பைக் கொடாது.

நல்லவேளையாக, டயரின் ஜாதகம் அதன் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கிறது. டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் வரிசையின் முடிவில், சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-ம் வாரத்தில் செய்தது என்று பொருள். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். அதைக்கொண்டு தோட்டத்தில் ஊஞ்சல் கட்டலாம். இந்த இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருப்பதுண்டு. டயரைத் திருப்பிப் பார்க்கத் தயங்கலாகாது. எப்படிப் பார்த்தாலும் பத்தாண்டு கடந்ததை அகற்றிவிடும்படி டயர்க் கம்பெனிகளே சொல்கின்றன; ஆறாண்டு போதுமென்று கூறும் கார்க் கம்பெனிகளும் உண்டு. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து, வண்டி மரத்தில் மோதி மூவர் உயிரிழந்தனர். அந்த டயரின் வயது 19. அவ்வளவு மூத்த டயரைத் தடுக்கும் சட்டம் அப்போது அங்கே இல்லை. 2021-ல்தான் பஸ், லாரிகளின் முன் அச்சில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர் கூடாதென்று விதித்தார்கள்.

அபாயத்தை ஒரு புறம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் கணக்காகவே பார்ப்போம். புதிய கார் டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழமுள்ளது. பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே குறுக்கே நிற்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தவுடன் டயரின் ஆயுள் முடிந்தது. ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது 8 மில்லிமீட்டரையன்று, 6.4 மில்லிமீட்டரைத்தான். 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள பழைய டயரில் நமக்குக் கிடைப்பதோ 2.4. புதியது 5,000 ரூபாயென்றால், பழையதன் நியாயமான விலை 1,875 ரூபாய்க்கு மேற்படாது. ‘பாதி ஆழம், பாதி விலை’ என்று 2,500 கேட்பவர், மில்லிமீட்டர் ஒன்றுக்குப் புதிய டயரைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிறார்! அதுவும் போதாமல், மாட்டும் கூலியும் பேலன்ஸிங் கூலியும் புதியதற்கு ஒரு முறை என்றால், இதற்கு அதே தூரத்துக்குள் இரண்டு மூன்று முறை அழ வேண்டும்.

தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி விற்கும் சாமர்த்தியமும் இந்தத் தொழிலில் உண்டு. சில லாரி டயர்களில் அதற்கென்றே கீழே தடித்த ரப்பர் விட்டிருப்பார்கள். கார் டயரில் அது கிடையாது. வெட்டினால் கத்தி எஃகுப் பட்டையின் அருகே போய்விடும். பள்ளத்தின் அடியில் அந்தச் சிறு மேடுகளைக் காணோமென்றால், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

பழைய டயரே வாங்கலாகாதென்று நான் சொல்லவில்லை. புதுக் கார் வாங்கியவர்களில் சிலர், அலாய் வீலும் அகலமான டயரும் போடும் ஆசையில், சில நூறு கிலோமீட்டரே ஓடிய டயர்களைக் கழற்றிக் கடையில் விட்டுச் செல்வதுண்டு. அத்தகையது, நான்கும் ஒரே அளவும் ஒரே வாரத்து இலக்கமுமாக, ஒட்டுப்போடாத உட்புறத்தோடு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிரிட்டனில் பழைய டயரை விற்பதற்கே சட்டம் உண்டு: பள்ளம் 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், பழையது என்று அதன்மேல் முத்திரையும் பதித்திருக்க வேண்டும்.

அத்தகைய டயர் கிடைக்காத மற்றவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: புதியதையே வாங்குங்கள், விலையுயர்ந்த கம்பெனியுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கார்க் கம்பெனி குறித்த அளவும், அதற்குக் குறையாத பாரக் குறியீடும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தால் போதும். புதியதென்று விற்கும் கடையிலும் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துவிட்டே பணத்தை எடுங்கள். நான்குக்கும் பணம் போதாவிட்டால் இரண்டு புதியவை வாங்கி, முன்சக்கரத்தால் ஓடும் காரானாலும் அவற்றைப் பின்பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்பக்கம் என்று வாதிடுவார். ஆனால் மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம்; பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.