காணாத நாட்டுக்குத் ‘திரும்பியவர்கள்’: ஓர் ஆங்கில முன்னொட்டின் கதை

ஆங்கிலச் சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டும் சிறு துண்டுகளைப் பள்ளிக்கூடத்தில் இலக்கணமாகப் படித்திருக்கிறோம். எல்லப் பகுதித் தோட்டங்களின் கதையை அறிந்தவர்களுக்கு அவை வெறும் இலக்கணம் அல்ல.

விதி எளிமையானது. முன்னொட்டு பெரும்பாலும் பொருளை மாற்றும். பின்னொட்டு பெரும்பாலும் சொல்லின் வகையை மாற்றும். ‘ஸ்டேட்’ என்றால் அரசு, பெயர்ச்சொல். ‘லெஸ்’ சேர்த்தால் ‘ஸ்டேட்லெஸ்’, அதாவது நாடற்ற என்ற பெயரடை. மேலும் ‘நெஸ்’ சேர்த்தால் ‘ஸ்டேட்லெஸ்நெஸ்’, நாடற்ற நிலை, மறுபடியும் பெயர்ச்சொல். மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை அந்த நிலைக்குத் தள்ளியது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவானது. இந்தியாவுக்கு அனுப்புவதை ஆங்கிலத்தில் ‘ரீபேட்ரியேஷன்’ என்றார்கள். ‘பேட்ரியா’ என்பது இலத்தீனில் தந்தையர் நாடு. ‘ரீ’ என்றால் திரும்பவும். ஆனால் அனுப்பப்பட்டவர்களில் பலர் இங்குள்ள லயன்களிலேயே பிறந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறும்வரை இந்தியாவைக் கண்டதில்லை. காணாத நாட்டுக்கு எப்படித் திரும்புவது? தமிழ்நாட்டிலும் அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றே பெயர். முன்னொட்டின் பொய் தமிழுக்கும் வந்துவிட்டது.

பின்னொட்டு செய்வது வேறு. ‘ரீபேட்ரியேட்’ என்ற வினைக்கு, யார் யாரை அனுப்பினார் என்ற கேள்வி உடனே எழும். அதைப் பெயர்ச்சொல்லாக்கி ‘ரீபேட்ரியேஷன்’ என்றால் எழுவாய் தேவையில்லை. அனுப்பியவர் வசனத்திலிருந்து மறைந்துவிடுகிறார்.

போரைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. ‘ரீசெட்டில்மென்ட்’ என்பதை மீள்குடியேற்றம் என்கிறோம். ‘மீள்’ என்பது அதே ‘ரீ’ தான். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டு, மீள்குடியேற்றம் முடிந்ததாக அரசாங்கம் அறிவித்தது. கேப்பாப்பிலவு மக்களின் காணிகளோ அப்போதும் இராணுவத்திடம் இருந்தன. அவர்கள் இறக்கிவிடப்பட்ட இடம் சீனியாமோட்டை. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் ‘ரீலொகேஷன்’, இடமாற்றம். அதிலும் ‘ரீ’ உண்டு. ஆனால் அது சொந்த இடத்துக்குத் திரும்பியதாகச் சொல்லாது.

ஆகவே ஆங்கிலப் படிவமொன்று கைக்கு வந்தால், ஒப்பமிடுமுன் நீளமான சொற்களைப் பிரித்துப் பாருங்கள். முன்னொட்டில் ‘இது உண்மையா?’ என்றும், பின்னொட்டில் ‘செய்தவர் யார்?’ என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக்கொடுங்கள்.