பிடித்த டாங்கி... படித்த பாடம்! - சீனக் கவசப்படையின் கதை

பெய்ஜிங் ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய டாங்கிகளில் இரண்டுக்குத் தனி மவுசு. ஒன்று ஜப்பானில் செய்தது. இன்னொன்று சோவியத் யூனியனில் செய்தது. சீனாவின் டாங்கிக் கதையைச் சொல்ல வேண்டுமானால், சீனாவில் செய்யாத இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

முதல் டாங்கி

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சரணடைந்த 1945-ம் ஆண்டு. வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங் நகரில் ஜப்பானியர் விட்டுச்சென்ற டாங்கிகள் கம்யூனிஸ்ட் படையின் கைக்கு வந்தன. அதில் ஒன்றின் எண் 102. சுமார் 15 டன் எடை. 1948-ல் ஜின்ஜோ நகரைப் பிடிக்க நடந்த சண்டையில் இது முன்னின்று வழி திறந்தது. அதற்காகவே 'கொங்சென்' என்று பட்டம் கொடுத்தார்கள். 'பெரும்பணி ஆற்றியவர்' என்று பொருள். 1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனம் பிறந்தபோது, தியானன்மென் சதுக்க அணிவகுப்பில் டாங்கிகளுக்கு முன்னால் போனதும் இதுதான்.

நண்பன் தந்த வரைபடம்

சொந்தமாக டாங்கி செய்ய, சோவியத் யூனியன் கைகொடுத்தது. அதன் டி-54ஏ டாங்கியின் வரைபடங்களை வைத்து, உள் மங்கோலியாவின் பௌடூ நகரில் 'டைப் 59' பிறந்தது. 36 டன் எடை, 100 மி.மீ. பீரங்கி, 4 வீரர்கள். ஆயிரக்கணக்கில் உருவாகி, பல நாடுகளுக்கும் போனது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் அதிபர் மாளிகையின் பிரதான வாயிலை இடித்துக்கொண்டு நுழைந்த வட வியட்நாமின் 390-ம் எண் டாங்கி, சீனா கொடுத்த டைப் 59.

ஆற்றில் கிடைத்த புதையல்

1960-ல் சோவியத் நிபுணர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நட்பு பகையானது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் ஜென்பாவ் தீவில் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. சண்டையில் முடங்கிய 545-ம் எண் டி-62 டாங்கி, பனிக்கட்டி உடைந்து ஆற்றில் மூழ்கியது. சீனர்கள் அதை வெளியே இழுத்துவந்து, அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள். அந்தப் பாடம் அடுத்து வந்த 'டைப் 69'-க்கு உதவியது. அருங்காட்சியகத்தின் இரண்டாவது டாங்கி இதுதான்.

ஒற்றை மனிதர்

ஆனால் சீன டாங்கி என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது எந்தப் போரும் அல்ல. தியானன்மென் போராட்டம் ரத்தத்தில் ஒடுக்கப்பட்டதற்கு மறுநாள், 1989 ஜூன் 5. சாங்கான் சாலையில் வரிசையாக வந்த டைப் 59 டாங்கிகளின் முன்னால், கையில் பைகளுடன் ஒரு மனிதர் போய் நின்றார். முதல் டாங்கி விலகிப்போகப் பார்த்தது. அவரும் கூடவே நகர்ந்து மறித்தார். அவர் யார், பிறகு என்ன ஆனார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

மலையேற எடை குறைந்தது

1999 தேசிய தின அணிவகுப்பில் 125 மி.மீ. பீரங்கியுடன் புதிய தலைமுறை டாங்கி வந்தது. அதில் குண்டு நிரப்பும் வேலை இயந்திரத்துக்கு. எனவே 3 வீரர்களே போதும். அதன் வளர்ந்த வடிவமான 99ஏ, 50 டன்னைத் தாண்டியது. திபெத் பீடபூமியில் அந்தக் கனம் பாரமாயிற்று. காற்று மெலிந்த உயரத்தில் இன்ஜினின் இழுவை குறையும். குறுகிய மலைப்பாதையும் பாலமும் எடையைத் தாங்க வேண்டும். அதற்காகவே சுமார் 33 டன் எடையில், 105 மி.மீ. பீரங்கியுடன் 'டைப் 15' வந்தது.

2020-ல் லடாக் எல்லையில் பதற்றம் மூண்டபோது, இந்தியா அங்கே ஏற்றியது 40 டன்னுக்கு மேற்பட்ட டி-72, டி-90 டாங்கிகளை. மலைக்கேற்ற இலகு டாங்கி நமக்கும் வேண்டும் என்பது அப்போது உறைத்தது. அதன் விளைவுதான், 2024-ல் வெளியே வந்த 25 டன் 'ஜோராவர்'. எல் அண்ட் டி நிறுவனத்துடன் சேர்ந்து அதை உருவாக்கியது, நம் சென்னை ஆவடியில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ ஆய்வகம்.

எதிரியின் டாங்கியைப் பார்த்துத் தன் டாங்கியைச் செய்யும் கதை, சீனாவோடு முடிந்துவிடவில்லை.