விரல் வேகம் மட்டும் போதுமா? இணையப் போர்க்களத்தில் வெல்வதன் அறிவியல்



திங்கட்கிழமை, முதல் பாடவேளை. அறிவியல் கூடத்தின் கடைசி மேசையில் படிவம் 4 மாணவன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டேன்.

"இரண்டரை மணி, சார். பதினொரு ஆட்டம் ஆடினேன். ஒன்பதில் தோல்வி."

தோல்விக்கான காரணங்களையும் அவனே சொன்னான். வீட்டில் லைன் சரியில்லை. கைப்பேசி பழையது. எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்குக் கை வேகம் கிடையாது, சார். அது பிறவியிலேயே வரணும்." புதுக் கைப்பேசி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறானாம். அவன் அம்மா இங்கே புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் இடத்தில் வேலை செய்பவர்.

கை வேகம் உண்டா இல்லையா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். மேசை இழுப்பறையிலிருந்து 30 செ.மீ. அடிக்கோலை எடுத்தேன்.

அடிக்கோல் சொன்ன உண்மை

அடிக்கோலை நான் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டேன். அதன் சுழியக் குறியருகே அவன் விரல்களைத் தொடாமல் விரித்து வைத்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் விட்டேன். அவன் பிடித்த இடம் 19 செ.மீ.

கீழே விழும் பொருள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தொலைவு விழும் என்பது நமக்குத் தெரியும். தொலைவை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 19 செ.மீ.க்கு விடை ஏறக்குறைய 0.20 வினாடி. 15 செ.மீ. என்றால் 0.17 வினாடி. 25 செ.மீ. என்றால் 0.23 வினாடி. கண்ணால் பார்த்துக் கையால் செயல்பட, நலமான இளைஞர்களுக்குப் பெரும்பாலும் 0.2 முதல் 0.25 வினாடி ஆகும். இதுவே துலங்கல் நேரம்.

வகுப்பில் எல்லாரும் செய்து பார்த்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. 'பிறவி வேகம்' உள்ளவன் என்று பெயர் எடுத்த மாணவனும் இவனும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் பிடித்தார்கள். அப்படியானால் ஒருவன் ஏன் வெல்கிறான், மற்றவன் ஏன் தோற்கிறான்?

நேரம் எங்கே போகிறது?

நாம் பேசுவது பாத்திரமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றி. போர்வீரன், மந்திரவாதி, குணமாக்குபவர் என ஒரு பாத்திரத்தை எடுத்து, அதன் திறன்களை வளர்த்து, வேறொரு மனிதர் இயக்கும் பாத்திரத்தோடு மோதுவது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் படமே இல்லாமல் வெறும் எழுத்துகளால் தொடங்கிய வகை இது. 2002இல் தென்கொரியாவிலிருந்து 'ராக்னரோக் ஆன்லைன்' வந்தது. 2004இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்தது. நீங்கள் கைப்பேசியில் ஆடும் ஐவருக்கு ஐவர் போர்களும் இவற்றின் உறவினர்களே.

எதிரி வாளை ஓங்குகிறான். அந்த ஒளி உங்கள் விழித்திரையில் பட்டு, நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளை முடிவெடுக்கிறது. கட்டளை விரலுக்கு வருகிறது. நரம்புச் செய்தி மின்னல்போல நொடியில் பாய்கிறது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1850இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து பார்த்தார். வினாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர்தான்! மனிதனின் கை நரம்புகளில் இது 50, 60 மீட்டர் வரை இருக்கும். அந்த வேகத்தில் தலையிலிருந்து விரல் நுனிக்கு வர ஏறக்குறைய 0.02 வினாடி போதும்.

ஆக, 0.2 வினாடியில் கை வழியே செல்லும் செய்திக்கு ஆவது பத்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி, பார்த்ததைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கவே செலவாகிறது.

அந்த முடிவெடுக்கும் நேரம் மாறக்கூடியது. 1952இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஹிக் இதை விளக்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை கூடக் கூட, அழுத்த ஆகும் நேரமும் கூடியது. தெரிவுகள் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. இதை ஹிக் விதி என்கிறோம்.

போர்க்களத்தில் இதன் பொருள் என்ன? வாரத்துக்கு ஒரு புதுப் பாத்திரத்தை எடுத்து ஆடுபவன், ஒவ்வொரு மோதலிலும் பத்து விளக்குகளின் முன் நிற்கிறான். இரண்டே பாத்திரங்களை எடுத்து, 'இவன் இப்படி வந்தால் நான் இப்படி' என்று முன்கூட்டியே முடிவு செய்தவன் இரண்டு விளக்குகளின் முன் நிற்கிறான். இருவர் விரலும் ஒன்றே. முந்துபவன் இரண்டாமவன்.

லைன் மீது பழி போடலாமா?

கொஞ்சம் போடலாம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்கிறது. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்வர 5 மில்லிவினாடி. லாஸ் ஏஞ்சலிஸ் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிவினாடி. எவ்வளவு பணம் கட்டினாலும் இயற்பியல் இதற்குக் கீழே இறங்க விடாது. உண்மையில் கம்பி நேராகப் போவதில்லை, வழியில் பல கருவிகளும் உண்டு. எனவே திரையில் காணும் 'பிங்' இதைவிட அதிகமாகவே இருக்கும்.

ஆகவே அருகிலுள்ள சேவையகத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்கூடத்தில் இருக்கும் மோடத்துக்கும் உங்களுக்கும் இடையே மூன்று சுவர் இருந்தால், எழுந்து முன்கூடத்துக்குப் போங்கள். காசு செலவில்லை. அதற்குப் பிறகும் தோற்றால், காரணம் லைன் இல்லை.

மூளை கட்டும் மூட்டை

1973இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஒரு சதுரங்கச் சோதனை செய்தார்கள். நடந்துகொண்டிருந்த ஆட்டம் ஒன்றின் பலகையை ஐந்து வினாடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். புதியவரால் நான்கைந்து காய்களையே வைக்க முடிந்தது. வல்லவர் பாதிக்கும் மேல் வைத்தார். பிறகு அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். வல்லவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது!

வல்லவருக்கு இருந்தது அபார நினைவாற்றல் அல்ல. பல காய்களை ஒரே அமைப்பாக, ஒரு மூட்டையாகக் கட்டிப் பார்க்கும் பழக்கம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளரான சென்னை இளைஞர் குகேஷின் மூளையிலும் இத்தகைய மூட்டைகள் ஏராளமாக இருக்கும்.

இணையப் போரிலும் இதுவே. திறமையான ஆட்டக்காரர் எதிரியின் வாளைப் பார்ப்பதில்லை; எதிரியிடம் எது மீதமில்லை என்று பார்க்கிறார். ஒரு திறனைப் பயன்படுத்தினால் அது மீண்டும் தயாராகக் குறிப்பிட்ட வினாடிகள் ஆகும். தப்பிக்கும் திறனை எதிரி இப்போதுதான் செலவழித்தான் என்றால், அடுத்த சில வினாடிகள் அவன் கதவில்லாத வீடு. அந்த நேரத்தை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பவர் அடிக்கும்போது, நமக்கு அது 'கை வேகம்' போலத் தெரிகிறது. அவர் உண்மையில் நம்மைவிட முன்பே தொடங்கிவிட்டார்.

ஆயிரம் ஆட்டம் ஆடினால் தானாக வருமா?

வராது. என் கதையே சாட்சி.

நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் ஈப்போ சைபர் கஃபேக்களில் ராக்னரோக் ஆடினேன். கோட்டையைப் பிடிக்கும் குழுப் போர் அதில் உண்டு. எங்கள் குழுவில் எல்லாருக்கும் உயர்ந்த நிலை, நல்ல ஆயுதம். ஆனாலும் வாராவாரம் தோற்றோம். எங்களை வென்றவர்கள் தோற்ற நாளிலும் உட்கார்ந்து, எங்கே தவறு நடந்தது என்று பேசுவார்கள். நாங்கள் மறுபடி 'உள்ளே நுழை' பொத்தானை அழுத்துவோம். ஈராண்டு ஆடியும் முதல் மாதத்துத் தவறுகளையே கடைசி மாதமும் செய்தேன். அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் கூடுதல் கணிதத்தில் தேறவில்லை என்பது தனிக்கதை.

1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். சிறந்தவர்கள் சும்மா வாசித்துக்கொண்டிருக்கவில்லை. தம் குறையைத் திருத்துவதற்காகத் தனியே பயிற்சி செய்த மணிகளே அவர்களிடம் அதிகம். இதை 'திட்டமிட்ட பயிற்சி' என்றார்கள். சிலம்ப ஆசான் முதல் நாளே மோதவிடுவாரா? காலடி வைப்பை மட்டும் நாட்கணக்கில் செய்யச் சொல்வார். அதே முறைதான்.

என் மாணவனிடம் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் கொடுத்தேன். ஒவ்வொரு தோல்விக்கும் ஆட்டப் பதிவைத் திரும்பப் பார்த்து ஒரே வரி எழுத வேண்டும்: 'நான் ஏன் விழுந்தேன்?' தோழர்களைக் குறை சொல்லக்கூடாது. ஒரு வாரம் ஒரே தவறை மட்டும் திருத்த வேண்டும்.

பாதி தோல்வி இயல்பு

அவன் இன்னொன்றும் கேட்டான்: "எவ்வளவு முன்னேறினாலும் பாதி ஆட்டம் தோற்கிறேனே, சார்?"

இதற்குக் கணிதம் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ, சதுரங்க வீரர்களுக்காக ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970இல் ஏற்றது. அதன்படி இருவர் மதிப்பெண்ணும் சமமானால் வெற்றி வாய்ப்பு 50 விழுக்காடு. 200 புள்ளி கூடுதலானால் 76 விழுக்காடு. 400 ஆனால் 91 விழுக்காடு. பல இணைய விளையாட்டுகள் இத்தகைய முறையைக் கொண்டே உங்களுக்கு நிகரானவரைத் தேடித் தருகின்றன. நீங்கள் வளர்ந்தால் எதிரியும் வளர்ந்தவராக வருவார். எனவே பாதி தோற்பது முன்னேறாததன் அடையாளம் அல்ல. உங்கள் மதிப்பெண் மெல்ல ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காசு கொடுத்து ஆயுத வலிமை வாங்க முடியும் ஆட்டங்களில் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். அங்கே அளக்கப்படுவது திறமையா, அப்பாவின் பணப்பையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டரை மணியின் விலை

2002இல் மேத்யூ வாக்கரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விரல்களால் ஒரு வரிசையை வேகமாகத் தட்டும் பயிற்சி. பயிற்சிக்குப் பின் இரவு தூங்கியவர்கள், மறுபடி பயிற்சி செய்யாமலே ஏறக்குறைய 20 விழுக்காடு வேகம் கூடினார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

கற்ற அசைவை மூளை உறுதிப்படுத்தும் வேலையில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரவு இரண்டரை மணி வரை ஆடுபவன், பகலில் சேர்த்ததை இரவில் கொட்டிவிடுகிறான். தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். கோபத்தோடு ஆடும் மூன்றாம் ஆட்டம் எதையும் கற்றுத்தராது.

நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை, பள்ளியும் குடும்பமும் பாதிக்கப்பட்டும் ஆட்டமே முதலிடம் பெறுகிறது என்றால், அது வேறு நிலை. உலகச் சுகாதார நிறுவனம் இதை 'விளையாட்டுக் கோளாறு' என்று தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. வெட்கப்படாமல் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

நம் நாட்டுக்காரர்கள்

2024 ஜூலையில் ரியாத் நகரில் மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையின் இறுதியாட்டம். நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு பிலிப்பீன்ஸ் குழுவை 4–3 என வென்றது. ஏழு ஆட்டம் வரை நீண்ட போர். தோற்ற ஆட்டங்களுக்கிடையே பயிற்றுநரோடு பேசித் திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்த குழுக்களே இத்தகைய தொடர்களில் கடைசி வரை நிற்கின்றன.

என் மாணவன் அந்த நிலைக்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து நோட்டைக் காட்டினான். இருபத்தோரு வரிகள். அவற்றில் பதின்மூன்று ஏறக்குறைய ஒரே வரி: 'எதிரிகள் எங்கே என்று பார்க்காமல் தனியாகப் போனேன்.' அவனே சிரித்துவிட்டான். "கை வேகமே பிரச்சினை இல்லை, சார்." புதுக் கைப்பேசிப் பேச்சை விட்டுவிட்டானாம். சென்ற வாரம் இன்னொரு நோட்டுப்புத்தகம் கேட்டான். எதற்கு என்றேன்.

"வேதியியலுக்கு, சார். அதிலும் எங்கே விழறேன்னு பார்க்கணும்."

செய்து பாருங்கள்

1. நண்பரிடம் அடிக்கோலைக் கொடுத்து, பத்து முறை பிடித்துச் சராசரி எடுங்கள்.
2. இப்போது நண்பர் 'சிவப்பு' என்று சொல்லி விட்டால் மட்டும் பிடிக்க வேண்டும். 'நீலம்' என்று சொல்லி விட்டால் விட்டுவிட வேண்டும். மீண்டும் பத்து முறை.
3. இரண்டு சராசரிகளையும் வினாடியாக மாற்றி ஒப்பிடுங்கள். அந்த வேறுபாடு, உங்கள் மூளை முடிவெடுக்க எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம்.
4. நன்றாகத் தூங்கிய மறுநாளும், கண்விழித்த மறுநாளும் இதைச் செய்து பதிவு செய்யுங்கள்.