முண்டியடித்தது யார்?

கச்சேரியில் நெரிசல், இத்தனை பேர் சாவு என்று செய்தி வந்தால் டீக்கடையில் முதலில் விழும் வார்த்தை இதுதான்: "முண்டியடிச்சா அப்படித்தான் ஆகும் அண்ணாச்சி." ராஜபாளையத்தில் பஞ்சாலை ஷிப்ட் முடிந்து வருகிறவரும் அதையே சொல்வார், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிற்கிறவரும் அதையே சொல்வார். டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தின் முன்நுனியைப் பிடித்திருப்பவருக்குச் சக்கரம் தெரியாது. இழு என்றால் இழுப்பார், அவ்வளவுதான். அதனால்தான் சக்கரத்தை ஒட்டிக் கட்டை போடுகிறவர்கள் நிற்கிறார்கள். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. வடம் பிடிப்பவர்களின் பொறுமையை மட்டும் நம்பி யாரும் தேரை விடுவதில்லை.

கச்சேரிக் கூட்டமும் அப்படித்தான். கடைசி வரிசையில் வருகிறவருக்கு முன்னால் ஒருவர் விழுந்தது தெரியாது. பாட்டு தொடங்கிவிட்டது என்று ஓர் அடி எடுத்து வைப்பார். ஆயிரம் பேர் ஆளுக்கோர் அடி வைத்தால் அந்தப் பாரம் முழுவதும் வாசலில் நிற்பவரின் நெஞ்சில் இறங்கும். ஒரு சதுர மீட்டரில், அதாவது ஏறக்குறைய 11 சதுர அடியில், 4 பேர் வரை நின்றால் நகரலாம், விலகலாம். 6, 7 பேர் ஆகிவிட்டால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது. கூட்டம் தள்ளும் பக்கம் உடம்பு போகும். இப்படிச் சாகிறவர்களில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. விலா விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிப் போகிறார்கள்.

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடகி நிகிதா காந்தியின் நிகழ்ச்சி நடக்க இருந்தது. திறந்தவெளி அரங்கு, வாசலைத் தாண்டினால் கீழே இறங்கும் படிகள். வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது மழை வந்தது. ஒதுங்க இடம் தேடிக் கூட்டம் உள்ளே நெருக்க, படியில் சிலர் விழுந்தார்கள், அவர்கள்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். மழைக்கு ஒதுங்குவது குற்றமா? வாசலுக்கு வெளியே கூட்டத்தைப் பிரித்து நிறுத்தவும், படிக்குமேல் ஆள் போடவும் யாராவது முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12 அன்று நடக்க இருந்து மழையால் தள்ளிப்போனது அது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை; கிழக்குக் கடற்கரைச் சாலை திணறியது; பெண்களும் குழந்தைகளோடு வந்தவர்களும் நெரிசலில் சிக்கினார்கள். உயிர்ப்பலி இல்லை என்பது ஆறுதல். ரகுமான் வருத்தம் தெரிவித்தார், ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்றார்கள், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பணம் திரும்புவது கணக்கில் கடைசி வரி. முதல் வரி, எத்தனை பேரை எத்தனை நேரத்தில் உள்ளே விடமுடியும் என்பது.

அந்தக் கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பிரிட்டனின் மைதானப் பாதுகாப்புக் கையேடு, டிக்கெட் பார்த்து அனுப்பும் ஒரு சுழல்வாசலுக்கு மணிக்கு 660 பேருக்குமேல் கணக்கில் எடுக்காதே என்கிறது. 10 வாசல் வைத்தால் மணிக்கு 6,600 பேர். 20,000 பேர் உள்ளே போக 3 மணி நேரம் ஆகும். கச்சேரி 7 மணிக்கு என்றால் 4 மணிக்கே வாசல் திறக்க வேண்டும். 6 மணிக்குத் திறந்துவிட்டு, "கூட்டம் கட்டுக்கடங்கவில்லை" என்று சொன்னால் அது யார் தப்பு?

உள்ளே போன பிறகும் பொறுப்பு முடிவதில்லை. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில், டிராவிஸ் ஸ்காட்டின் ஆஸ்ட்ரோவேர்ல்டு விழாவில் 10 பேர் உயிரிழந்தார்கள். பலர் விழுந்துவிட்டார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்த பிறகும் அரை மணி நேரத்துக்குமேல் பாட்டு ஓடியது. மேடையில் இருப்பவருக்கு விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரியாமல் போகலாம்; அவர் காதில் "நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும், சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடும் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் பங்குனிப் பொங்கலுக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்காத தெரு குறைவு. அடுத்த முறை விழாக் கமிட்டிக்காரர் வரி கேட்டு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். திடலில் எத்தனை பேர் கொள்ளும்? வெளியேற எத்தனை வழி? கச்சேரியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? மூன்றாவது கேள்விக்கு "எல்லாரும் பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால், பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் வந்தபிறகு வரியைக் கொடுங்கள்.